எக்செப்ட் என்றால் வெறும் 'தவிர' அல்ல!

"அல்வா தவிர மிக்சரும் வாங்கினான்."

இந்த வாக்கியத்தில் ஒரு சிக்கலும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் யாரிடம் சொன்னாலும், ஆள் அல்வாவும் வாங்கியிருக்கிறான், மிக்சரும் வாங்கியிருக்கிறான் என்று புரிந்துகொள்வார்கள். இதையே ஒரு கல்லூரி மாணவன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபடி 'தவிர' வருகிற இடத்தில் 'எக்செப்ட்' போடுவான். "எக்செப்ட் அல்வா, ஹி பாட் மிக்சர்." கேட்கிற ஆங்கிலக்காரனுக்கு என்ன புரியும்? மிக்சர் வாங்கினான், அல்வா மட்டும் வாங்கவில்லை போலிருக்கிறது! திருநெல்வேலிக்கு வந்து அல்வா வாங்காமல் போனவன் என்கிற கெட்ட பெயர் ஒரு பாவமும் அறியாத ஒருவன் தலையில் விழுகிறது.

இது சிரிப்புக்கு. சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது வேலைக்கான நேர்காணல். "சி தவிர ஜாவாவும் தெரியும்" என்று மனதில் நினைத்துக்கொண்டு, "எக்செப்ட் சி, ஐ நோ ஜாவா" என்கிறார் இறுதியாண்டு மாணவர். எதிரே இருப்பவர் காகிதத்தில் குறித்துக்கொள்வது: 'சி தெரியாது.' தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொந்த வாயாலேயே சொல்லிவிட்டு வெளியே வருகிறார் அந்த மாணவர். ஏன் எடுக்கவில்லை என்று கடைசி வரை அவருக்குத் தெரியப்போவதில்லை. யாரும் சொல்லவும் போவதில்லை.

இதில் குற்றவாளி அந்த மாணவர் இல்லை. தமிழும் இல்லை. ஆங்கிலமும் இல்லை. 'எக்செப்ட் = தவிர' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடிக்கோடிட்டு, அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிற அந்த ஒற்றை வரிப் பாடம்தான் குற்றவாளி.

எட்டு அணைக்கட்டுகளும் இரண்டு 'தவிர'வும்

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றில் கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் கட்டியது. மற்றவை அதற்கு முன்பே இருந்தவை. இந்தச் செய்தியை வைத்து இரண்டு வாக்கியங்கள் பார்க்கலாம்.

ஒன்று: "ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தையவை."

இரண்டு: "தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் தவிர இன்னும் ஏழு அணைக்கட்டுகள் இருக்கின்றன."

இரண்டிலும் அதே ஊர், அதே 'தவிர', அதே ஏழு. ஆனால் முதல் வாக்கியத்தில் ஸ்ரீவைகுண்டம் கணக்கிலிருந்து வெளியே போகிறது. அது பழைய அணைக்கட்டு இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் ஸ்ரீவைகுண்டம் ஏற்கனவே கணக்கில் இருக்கிறது. அதோடு ஏழு சேர்ந்து எட்டாகிறது. முதலாவது கழித்தல், இரண்டாவது கூட்டல். கழித்தலுக்கு ஆங்கிலத்தில் எக்செப்ட். கூட்டலுக்கு பிசைட்ஸ்.

ஒரே சொல்லுக்குக் கூட்டலும் கழித்தலும் எப்படி வந்தன? 'தவிர்' என்ற வினையைப் பார்த்தால் விளங்கும். தவிர் என்றால் விடு, ஒதுக்கு, விலக்கு. ஒன்றை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதைப் பேசுகிறோம் என்பதுதான் 'தவிர' செய்கிற வேலை. ஒதுக்கிவைத்த காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். அது இந்தக் கூட்டத்தில் சேராது என்பதற்காக ஒதுக்கலாம். அல்லது, அதைப் பற்றித்தான் ஏற்கனவே தெரியுமே, மிச்சத்தைச் சொல்கிறேன் என்பதற்காகவும் ஒதுக்கலாம். 'தவிர' இரண்டுக்கும் பொது. எந்தக் காரணம் என்பதை வாக்கியத்தின் மிச்சப் பகுதி சொல்லிவிடும்.

ஆங்கில எக்செப்டுக்கு இந்தத் தாராளம் கிடையாது. அதன் லத்தீன் மூலத்துக்கு 'வெளியே எடு' என்று பொருள். வெளியே எடுத்தால் எடுத்ததுதான். திரும்ப உள்ளே வராது.

தமிழ்ப் பாடவேளையில் படித்தது ஆங்கிலப் பாடவேளைக்கு ஏன் வருவதில்லை?

வாக்கியத்தின் மிச்சப் பகுதி எப்படிச் சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை. அதற்கான விடை பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. நன்னூல் 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் இரண்டு இந்த விஷயத்துக்குப் போதும். ஒன்று முற்றும்மை: 'எல்லாரும் வந்தார்கள்', ஒருவர் பாக்கியில்லை. இன்னொன்று எச்ச உம்மை: 'கண்ணனும் வந்தான்', அதாவது வேறு யாரோ கூட வந்திருக்கிறார்கள்.

இனி 'தவிர' வரும் வாக்கியங்களை இந்த இரண்டு உம்மையை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

1. 'தவிர'வுக்குப் பின்னால் முற்றும்மை வந்தால் எக்செப்ட். "ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை உண்டு." எவ்ரி டே எக்செப்ட் சன்டே. எல்லாரும், அனைத்தும், முழுவதும், மற்ற ஏழும்... எல்லாம் இந்த வகை.

2. யாரும், எதுவும், எங்கும் என்று வந்து முடிவில் 'இல்லை' வந்தாலும் எக்செப்ட். "தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை." நத்திங் எக்செப்ட் வாட்டர். இங்கே தண்ணீர் குடித்தாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது எக்செப்ட் சொன்னதைத் தலைகீழாக்குகிறது. எல்லாரும் வந்தார்கள் என்றால் அவன் வரவில்லை. யாரும் வரவில்லை என்றால் அவன் வந்தான். (இந்த 'இல்லை' வாக்கியத்தில் மட்டும் ஆங்கிலக்காரர்கள் பிசைட்ஸும் போடுவார்கள். இரண்டும் ஒரே பொருள்தான் தரும், பயப்பட வேண்டாம்.)

3. 'தவிர'வுக்குப் பின்னால் எச்ச உம்மை வந்தால் பிசைட்ஸ். "முருகன் தவிர கண்ணனும் வந்தான்." இரண்டு பேருமே வந்தார்கள். இங்கே எக்செப்ட் போட்டால் முருகனை வாசலிலேயே நிறுத்தியதாக ஆகும்.

4. இன்னும், வேறு, அல்லது ஓர் எண் வந்தால் பெரும்பாலும் பிசைட்ஸ். "முருகன் தவிர இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்." மொத்தம் மூன்று பேர்.

5. வாக்கியத்தின் தொடக்கத்தில் 'தவிர' தனியாக வந்தால், "தவிர, அவருக்கு உடம்பும் சரியில்லை" என்பது போல, அது பிசைட்ஸ் மட்டும்தான். எக்செப்ட் அங்கே நுழையவே முடியாது.

ஐந்தே வரி. பத்தாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு இதில் புதிதாகக் கற்றுத்தர ஒன்றுமில்லை. முற்றும்மையும் எச்ச உம்மையும் தமிழ்த் தேர்வுக்காக அந்தப் பிள்ளை ஏற்கனவே படித்ததுதான். காலையில் தமிழாசிரியர் வந்து உம்மையைப் பிரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அடுத்த மணிக்கு ஆங்கில ஆசிரியர் வந்து 'எக்செப்ட் = தவிர' என்று எழுதுகிறார். ஒரே கரும்பலகை, ஒரே பிள்ளை, நடுவில் ஒரு டஸ்டர். முதலாமவர் எழுதியதை இரண்டாமவர் அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறார்!

இந்த வித்தியாசம் சின்னது என்று நினைப்பவர்கள் ஒரு விவசாயியிடம் கேட்டுப் பார்க்கலாம். "பாபநாசம் தவிர மணிமுத்தாறும் நிரம்பியது." "பாபநாசம் தவிர எல்லா அணையும் நிரம்பியது." முதல் செய்தியைக் கேட்டவர் பிசான சாகுபடிக்கு விதை நெல்லை எடுத்து வைப்பார். இரண்டாவது செய்தியைக் கேட்டவர் வானத்தைப் பார்ப்பார். தமிழில் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் மட்டும் பிரிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? பிரிக்கச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

"தமிழில் துல்லியம் கிடையாது சார்!"

இப்படிச் சொல்லும் அறிவாளிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரே 'தவிர'வை வைத்துக்கொண்டு இரண்டு பொருளுக்கும் மாரடிக்கிற மொழி, அதனால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்பார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. "நாங்கள் சினிமாவுக்குப் போகிறோம்" என்பதற்கும் "நாம் சினிமாவுக்குப் போகிறோம்" என்பதற்கும் ஆங்கிலத்தில் வித்தியாசம் காட்டுங்கள் பார்ப்போம். இரண்டுக்கும் ஒரே 'வி'தான். கேட்டுக்கொண்டிருப்பவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பலாமா, வீட்டிலேயே இருக்கலாமா என்று ஆங்கிலத்தில் தெரியாது! தமிழில் ஒரே எழுத்தில் தெரிந்துவிடும். 'நாங்கள்' என்றாலே, 'வி, எக்செப்ட் யூ' என்று அர்த்தம். விலக்கலை ஒரு பிரதிப்பெயருக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிற மொழியைப் பார்த்துத் துல்லியம் இல்லை என்பது வேடிக்கை.

இந்த நாம்–நாங்கள் வேறுபாட்டைத் தன் ஒப்பிலக்கணத்தில் எடுத்துப் பேசியவர் கால்டுவெல். 1841-ல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர். 1856-ல் அந்த நூல் வெளிவந்தது. அவருக்கு முன்னால் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் இரேனியஸ் தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதினார். சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு.போப், தமிழ் கற்பவர்களுக்குக் கையேடு எழுதினார். மூன்று பேருமே வேறு மொழி பேசி வளர்ந்தவர்கள். தமிழ் அவர்களுக்கு முற்றிலும் அந்நிய மொழி. அவர்கள் யாரும் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல் எழுதி மனப்பாடம் செய்து தமிழ் கற்றுவிடவில்லை. இந்த மொழி எப்படி இணைக்கிறது, எப்படி விலக்குகிறது என்று தங்கள் மொழியோடு வைத்துப் பார்த்தார்கள். பார்த்ததைப் புத்தகமாக எழுதினார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர் தமிழ் கற்க முழு இலக்கணமே தேவைப்பட்டது. அதே சீமையில் பிறந்த பிள்ளை ஆங்கிலம் கற்க மட்டும் ஒரு சமக்குறி போதுமாம்! சாரா தக்கர் கல்லூரி 1895 முதலும், தூய சவேரியார் கல்லூரி 1923 முதலும் இருக்கிற ஊர் பாளையங்கோட்டை. 'தென்னகத்து ஆக்ஸ்போர்டு' என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிற ஊர். பெருமை பேசுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குக் காரணமானவர்கள் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுவதுதான் தப்பு.

ஆங்கிலமும் அப்படியொன்றும் சுத்தமில்லை

நியாயமாகப் பேசுவதென்றால் இதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் இந்த விஷயத்தில் குளறுபடி உண்டு. 'பட்' என்றால் 'ஆனால்' என்று படித்த பிள்ளை, 'லாஸ்ட் பட் ஒன்' என்பதைப் பார்த்து விழிக்கும். அங்கே 'பட்' என்பது எக்செப்ட். கடைசிக்கு முந்தியது என்று பொருள். 'ஆல் பட்' என்பது ஓரிடத்தில் 'அது தவிர எல்லாம்', இன்னோரிடத்தில் 'கிட்டத்தட்ட'. ஆக, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

அக்செப்ட், எக்செப்ட் இரண்டையும் வேகமாகச் சொல்லும்போது ஆங்கிலக்காரர் வாயிலேயே வித்தியாசம் அதிகம் கேட்காது. எழுத்தில்தான் மானம் போகும். "உங்கள் அழைப்பை ஏற்கிறேன்" என்று எழுத நினைத்து எக்செப்ட் போட்டால், "உங்கள் அழைப்பை விலக்குகிறேன்" என்று ஆகிவிடும். இதற்கும் மூலத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். அக்செப்ட் என்பது தன் பக்கம் எடுத்துக்கொள்வது. எக்செப்ட் என்பது வெளியே எடுப்பது. 'எக்ஸ்' என்று தொடங்கினால் எக்ஸிட் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

மற்ற சில்லறைச் சிக்கல்களையும் இதோடு முடித்துவிடலாம்.

- ஒரே இனத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் எக்செப்ட். "கடைசிக் கட்டுரை தவிர எல்லாக் கட்டுரையும் நன்று." வேறு இனத்தைக் குறையாகச் சொன்னால் எக்செப்ட் ஃபார். "எழுத்துப்பிழை தவிர கட்டுரை நன்று." எழுத்துப்பிழை ஒரு கட்டுரை இல்லையே! வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் எக்செப்ட் ஃபார் போடுவதே பத்திரம்.

- "தூங்குவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை" என்பதற்கு 'டிட் நத்திங் எக்செப்ட் ஸ்லீப்'. ஸ்லீப்பிங்கும் வேண்டாம், டு ஸ்லீப்பும் வேண்டாம்.

- "மழை பெய்தாலொழிய குளம் நிறையாது" என்பதில் வருகிற 'ஒழிய'வுக்கு எக்செப்ட் அல்ல, அன்லெஸ். ஒன்று நடந்தால்தான் மற்றது நடக்கும் என்கிற நிபந்தனை அது.

- "முருகன் இல்லாமல் போகமாட்டார்கள்" என்றால் வித்அவுட். "முருகன் தவிர எல்லாரும் போவார்கள்" என்றால் எக்செப்ட். முதலாவதில் முருகன் கூட வேண்டும், இரண்டாவதில் முருகன் கூட வரவில்லை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் முருகனுக்குக் கோபம் வரும்.

ஒரு சொல்லின் விலை ஐந்து மதிப்பெண்

"சரி, பேச்சில் ஒரு சொல் மாறினால் என்ன, புரிந்துகொள்வார்கள்" என்று சமாதானம் சொல்பவர்கள் 2018 நீட் தேர்வை நினைத்துப் பார்க்கட்டும். அந்த உயிரியல் தாளில் இரண்டு கேள்விகள். ஒன்று, கீழ்க்கண்டவை எல்லாம் வாழிடத்துக்கு வெளியே நடக்கிற பாதுகாப்பு, ஒன்று 'எக்செப்ட்': அது எது? விடை, கோவில்காடு. இன்னொன்று, கீழ்க்கண்டவை எல்லாம் ஒபெரானின் பகுதிகள், ஒன்று 'எக்செப்ட்': அது எது? விடை, என்ஹான்சர்.

காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்கு வண்டி கட்டிப் போய்வந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கோவில்காடு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாமி இருக்கிற காட்டில் மரம் வெட்டமாட்டார்கள், காடு இருந்த இடத்திலேயே காப்பாற்றப்படுகிறது. தாவரவியல் பூங்காவும் விதை வங்கியும் அப்படியில்லை என்பதும் தெரியும். ஆனால் கேள்வியின் கடைசியில் நிற்கிற அந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்காவிட்டால் தெரிந்தது அத்தனையும் வீண். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு. ஆக, ஐந்து மதிப்பெண் வித்தியாசம்.

தமிழில் எழுதுகிறவருக்குத் தமிழ் வினாத்தாள் உண்டே என்று கேட்கலாம். அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டார் டி.கே.ரங்கராஜன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 ஜூலை 10 அன்று, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்தது, நவம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்தும் செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வின் விதி. டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாளிலும் இதே விதிதான்.

ஆங்கில வடிவமே இறுதி என்று சொல்லிவிட்ட பிறகு, அந்த ஆங்கிலத்தின் சின்னஞ்சிறு சொற்களைச் சரியாகக் கற்றுக்கொடுக்காமல் விடுவது அலட்சியம் மட்டுமில்லை, அநியாயம். ஒபெரான், என்ஹான்சர் போன்ற பெரிய சொற்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. எக்செப்ட், அன்லெஸ், பிசைட்ஸ் போன்றவற்றுக்கு ஒரு வரி.

ஒரு மாநிலத்தையே காப்பாற்றிய சொல்

இந்தச் சொல்லின் பலத்தை முழுதாகப் பார்க்க இன்னொரு இடம் இருக்கிறது. 1963-ம் ஆண்டின் அலுவல் மொழிச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 1976-ல் விதிகள் இயற்றியது. அலுவலகங்களில் இந்தியை எப்படி எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் விதிகள். அவை எங்கெங்கே செல்லும் என்று முதல் விதியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது: தமிழ்நாடு மாநிலம் 'எக்செப்ட்', இந்தியா முழுமைக்கும்.

1965-ல் தமிழ்நாடு கொதித்த கொதிப்புக்குப் பின்னால் வந்தது இந்த விலக்கு. அதைச் சட்டத்தில் தாங்கி நிற்கிற தூண் அந்த ஒரு சொல். அந்த இடத்தில் பிசைட்ஸ் என்று இருந்தால் என்ன பொருள் வரும்? 'தமிழ்நாட்டுக்கும் உண்டு, அதோடு மற்ற இந்தியாவுக்கும் உண்டு!' நேர் எதிர். தமிழில் எழுதிப் பாருங்கள்: "தமிழ்நாடு தவிர இந்தியா முழுவதும்." 'முழுவதும்' என்பதில் முற்றும்மை. கணக்கு சரியாக வருகிறது.

மொழிக்காக இவ்வளவு போராடிய மாநிலத்தில், அந்தப் போராட்டத்தின் பலனைச் சொல்லும் சொல்லை மாணவர்கள் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் மாணவர்கள் இல்லை.

மறுப்புகள்

"இலக்கணமெல்லாம் வேண்டாம், கேட்டுக் கேட்டுப் பழகினால் தானாக வரும்." வரும். வீட்டில் அப்பா அம்மா ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கு வரும். சேரன்மகாதேவியிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது ஒரு நாளில் ஒரு பாடவேளை. அதிலும் பாதி தமிழ் விளக்கம். தானாக வருவதற்கு அது எங்கே கிடக்கிறது?

"அப்படியானால் ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று வைத்துவிடுவோம்." வாயில் தமிழைத் தடுக்கலாம், மனதில் தடுக்க முடியாது. பிள்ளை தமிழில்தான் நினைக்கும். நினைத்ததில் 'தவிர' வரும். அந்தத் 'தவிர' கூட்டலா கழித்தலா என்று பார்க்கத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பதுதான் வழி. அபராதம் போட்டால் பிள்ளை பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

"இந்திய ஆங்கிலம் என்று ஒன்று உண்டு, அதை ஏற்க வேண்டியதுதானே?" உச்சரிப்பில் ஏற்கலாம். நெல்லைத் தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசினால் ஒன்றும் குடி முழுகாது. அதைக் கேலி செய்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்ப்பொருள் எதிராளிக்குப் போய்ச் சேருமானால் அது ஒரு பாணி இல்லை, நஷ்டம். நஷ்டம் பேசுகிறவருக்குத்தான்.

"ஆசிரியர்களுக்கு நேரமில்லை, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும்." மேலே உள்ள ஐந்து வரிகளைப் படிக்க எவ்வளவு நேரம் ஆனது? தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் டீ குடிக்கிற நேரத்தில் ஒருமுறை பேசிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சமக்குறியை விட்டுவிட வேண்டும். எக்செப்ட் என்று ஒரு சொல் வந்தால், தமிழில் நான்கு 'தவிர' வாக்கியங்களைக் கொடுத்து, எதில் அந்த ஆள் உள்ளே இருக்கிறான், எதில் வெளியே இருக்கிறான் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்ல வேண்டும். தப்பாமல் சொல்வார்கள், ஏனென்றால் அது அவர்கள் மொழி. பிறகு, உள்ளே இருந்தால் பிசைட்ஸ், வெளியே இருந்தால் எக்செப்ட் என்று எழுதிப்போட வேண்டும். அடுத்து அன்லெஸ், அடுத்து வித்அவுட். ஒரு வாரத்துக்கு ஒரு சின்னச் சொல் என்று வைத்தாலும் ஓர் ஆண்டில் ஆங்கிலத்தின் மூட்டுகள் எல்லாம் பிடிபட்டுவிடும்.

வகுப்பில் இது நடக்கிற வரை மாணவர்கள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாயைத் திறந்து 'எக்செப்ட்' என்று சொல்வதற்கு முன்னால் மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி: இந்த ஆள் கணக்கில் உண்டா, இல்லையா? உண்டு என்றால் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு பிசைட்ஸ் போடுங்கள்.